சீட்டும் கேட்பதில்லை, சேதியும் கேட்பதில்லை

கருத்தடை மாத்திரையை டாக்டரின் சீட்டு இல்லாமல், மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநரே விசாரித்துக் கொடுக்கலாமா என்ற கேள்வி, சென்ற பத்தாண்டுகளாக உலகத்தின் பல பாகங்களில் சட்டசபைகளையும் வைத்திய சங்கங்களையும் ஆட்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் ஓரிகன், கலிஃபோர்னியா ஆகிய மாகாணங்கள் 2016-ஆம் ஆண்டிலேயே அந்த அதிகாரத்தை மருந்தாளுநர்களின் கையில் கொடுத்துவிட்டன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 2023 ஜூன் மாதத்தில் கொடுத்தது. இங்கிலாந்தில் அதே ஆண்டு டிசம்பர் முதல், தேசிய சுகாதாரச் சேவையின் செலவில், ஒரு பெண் மருந்துக்கடைக்குச் சென்று, தனி அறையில் உட்கார்ந்து, இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, தன் முதல் மாத்திரை அட்டையையே அங்கிருந்து வாங்கி வரலாம். நம் தேசத்தில் இந்தக் கேள்வி தலைகீழாக நிற்கிறது. இங்கே கடைக்காரர் வெகுகாலமாகக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். கொடுக்குமுன் கேட்க வேண்டியதைக் கேட்கும்படி அவரை யாரும் கடமைப்படுத்தவில்லை. கேட்பதற்கு வேண்டிய பயிற்சியையும் இடத்தையும் ஊதியத்தையும் அவருக்கு யாரும் அளிக்கவில்லை. இந்த ஏற்பாட்டின் பலனை அனுபவிப்பவர்கள் யார், அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் யார் என்பதைக் காண விரும்புகிறவர்கள், பம்பாயின் கிழக்கு ஓரத்தில், டிராம்பே மலையின் அடிவாரத்தில் இருக்கும் சீத்தா கேம்ப்புக்குப் போய் ஒரு மாலைப்பொழுது நின்று பார்க்கலாம்.

டிராம்பே என்றவுடன் படித்தவர்களின் மனத்தில் எழுவது அணுசக்தி. இந்தியாவின் முதல் அணு உலையான அப்ஸரா 1956 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியது இங்கேதான். அதே 1956-இல், ஜனத்தொகையைப் பற்றிய ஆராய்ச்சிக்கென்று பம்பாயில் ஒரு ஸ்தாபனம் உருவாயிற்று. இன்று தேவனாரில் இயங்கும் சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் அதுவே. தேசம் முழுவதிலும் எத்தனை பெண்கள் என்ன கருத்தடை முறையைக் கைக்கொள்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவது அந்த நிறுவனம். அதன் வாயிலிலிருந்து சிறிது தூரமே பஸ்ஸில் போனால், மான்குர்டைக் கடந்து, சீத்தா கேம்ப் வந்துவிடும்.

அந்தக் குடியிருப்பு தானாக முளைத்ததன்று. மான்குர்டுக்கு அருகில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது; திருநெல்வேலி, இராமநாதபுரம் ஜில்லாக்களிலிருந்து வந்த தமிழர்கள் உட்பட ஏறக்குறைய எழுபதாயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். அந்த நிலம் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தின் ஊழியர்களுக்கு வீடு கட்ட வேண்டும் என்றாயிற்று. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம் என்ற தமிழ் இளைஞர் ஜனங்களைத் திரட்டிக் கோர்ட்டிலும் தெருவிலும் ஆண்டுக்கணக்காகப் போராடினார். நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், காலனி இடிக்கப்பட்டு, மக்கள் கடற்கழியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து விடப்பட்டார்கள். அந்த ஆண்டைப் பற்றி இன்னொன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். மகாராஷ்டிர சட்டமன்றம் 1976-இல்தான், மூன்று குழந்தைகள் பெற்ற தம்பதிகளுக்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்றை நிறைவேற்றியது. ஜனாதிபதியின் சம்மதம் கிடைக்காமையால் அது சட்டமாகவில்லை. வீட்டை எங்கே வைத்துக்கொள்வது, பிள்ளைகளை எத்தனை பெற்றுக்கொள்வது என்ற இரண்டையும் ஜனங்களைக் கேளாமலே தீர்மானிக்கச் சர்க்கார் முற்பட்ட ஆண்டு அது. அந்த ஆண்டில் குடியேறியவர்களின் பேத்திகள் இன்று அதே கேம்ப்பில், மற்றவரைக் கேளாமல் தாமே தீர்மானித்து, மருந்துக்கடைக்கு வருகிறார்கள்.

பம்பாயில் அதை ‘மெடிக்கல்’ என்பதே வழக்கம். மருந்து, சோப்பு, குழந்தைக்குப் பால்பொடி, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் ஒரே கல்லாவின் மேல் நடைபெறும் ‘மெடிக்கல் அண்ட் ஜெனரல் ஸ்டோர்ஸ்’. மாலை ஏழு மணிக்கு மேல், வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போனவர்கள் திரும்பும் நேரத்தில், ஐந்தடி அகலமுள்ள கல்லாவின் முன்னே எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கிடையே ஒரு பெண், முந்தானைக்குள்ளிருந்து, மாத்திரைகள் தீர்ந்துபோன பழைய அட்டை ஒன்றை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கல்லாவின் மேல் வைக்கிறாள். “அண்ணே, இதே மாதிரி ஒண்ணு” என்பதற்கு மேல் அவள் வாய் திறப்பதில்லை. உள்ளே நிற்கும் இளைஞன் அட்டையைப் புரட்டிப் பார்த்து, அதுவே இருந்தால் அதையும், இல்லாவிட்டால் அதைப் போன்றதாகத் தனக்குத் தோன்றும் வேறொன்றையும் காக்கிக் கவரில் போட்டுக் கொடுத்து, காசை வாங்கிக்கொண்டு, அடுத்தவரின் பக்கம் திரும்புகிறான். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவள் வயது என்ன, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறாளா, வேறு மருந்து ஏதேனும் சாப்பிடுகிறாளா என்பவற்றில் ஒன்றேனும் கேட்கப்படவில்லை. கேட்கப்பட்டிருந்தாலும், பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரரே நிற்கும்போது, அவள் என்ன சொல்லியிருப்பாள்?

இதற்காக அந்த இளைஞனைக் குறைகூறுவதில் பொருளில்லை. சட்டமே இவ்விஷயத்தில் இரண்டு குரலில் பேசுகிறது. மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டம் 1940-இல் ஏற்பட்டது. அதன் கீழ் 1945-இல் விதிகள் எழுந்தன. அவ்விதிகளின் அட்டவணைகளுள் ‘எச்’ என்பது, பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியல். கருத்தடை மாத்திரைகளில் உள்ள எத்தினில் ஈஸ்ட்ரடையால், சென்ட்குரோமன் ஆகியவை அதில் உள்ளன. ‘கே’ என்னும் அட்டவணையோ விலக்குகளின் பட்டியல். இன்ன மருந்து இத்தனை மில்லிகிராம் என்று அளவு குறித்து, அந்த அளவில் செய்யப்பட்ட கருத்தடை மாத்திரைகளுக்கு, விற்பனை உரிமம் சம்பந்தமான விதிகளிலிருந்தே அது விலக்களிக்கிறது. அதாவது, மாலா-டி வகையைச் சேர்ந்த சாதாரண மாத்திரையும் 30 மில்லிகிராம் சென்ட்குரோமனும் சட்டப்படியே சீட்டின்றி விற்கத்தக்கவை. அளவோ சேர்மானமோ சற்று வேறுபட்டால், அட்டையின் மேல் சிவப்புக்கோடு விழுந்துவிடும், சீட்டு வேண்டும். கல்லாவின் முன் இந்த வித்தியாசத்தைக் கவனிப்பார் யாரும் இல்லை. கருத்தடை மாத்திரைகளைச் சீட்டின்றி விற்பதை நிறுத்தப்போகிறார்கள் என்று 2024 செப்டம்பரில் பத்திரிகைகளில் செய்தி பரவியபோது, இப்போதுள்ள விதிகளில் மாறுதல் எதுவும் இல்லை என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு விளக்கம் தர நேர்ந்தது. குழப்பம் அத்துடன் ஓய்ந்தது. இரண்டு அட்டவணைகளும் இரண்டு விதமாகவே இருக்கின்றன.

சீட்டின்றிக் கொடுப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சீட்டைக் கட்டாயமாக்குவதுதான் பெரும் தீங்காக முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம். சீத்தா கேம்ப் அடங்கிய எம்-கிழக்கு வார்டு, 2009-ஆம் ஆண்டுக்குரிய மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரத்து வார்டுகளிலெல்லாம் கடைசி இடத்தில் வைக்கப்பட்டது. கோவண்டியிலுள்ள சதாப்தி ஆஸ்பத்திரிக்குப் போய் வர ஒரு பெண்ணுக்கு அரை நாள் கூலி போகும். தனியார் டாக்டரிடம் போனால் அவர் வாங்கும் தொகை பல மாதத்து மாத்திரைக்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட சுயபராமரிப்பு வழிகாட்டு நெறிகள், வாய்வழிக் கருத்தடை மாத்திரைகள் சீட்டின்றிக் கிடைக்க வேண்டும் என்றே பரிந்துரைத்தன. அமெரிக்க அரசாங்கம் 2023 ஜூலையில் நார்ஜெஸ்ட்ரல் என்ற ஒற்றை ஹார்மோன் மாத்திரைக்கு அத்தகைய அனுமதியை வழங்கியது. கதவு திறந்திருக்கத்தான் வேண்டும். திறந்த கதவின் உள்ளே, கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுக்கும் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அவர் என்ன கேட்க வேண்டும் என்பது இரகசியமான வித்தையன்று. சர்க்கார் இலவசமாகக் கொடுக்கும் மாலா-என் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு மாத்திரைகள்; அவற்றுள் இருபத்தொன்று வெள்ளை, அவையே கருத்தரிப்பைத் தடுப்பவை; எஞ்சிய ஏழும் பழுப்பு நிறம், அவை வெறும் இரும்புச்சத்து, நாள் தவறாத பழக்கத்துக்காகவும் இரத்தசோகைக்காகவும் சேர்க்கப்பட்டவை. மாதவிடாயின் ஐந்தாம் நாளுக்குள் தொடங்கி, தினம் ஒரே நேரத்தில் ஒன்று; ஒரு நாள் மறந்தால் நினைவு வந்தவுடன் அதைச் சாப்பிட்டு, அன்றைய மாத்திரையையும் வழக்கமான நேரத்தில் சாப்பிட வேண்டும்; இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டால், சில நாட்களுக்கு ஆணுறையும் வேண்டும். இவ்வளவும் அட்டையோடு அச்சாகித்தான் வருகிறது, இந்தியிலும் ஆங்கிலத்திலும். பழுப்பு மாத்திரையால் மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்தியவர்களும், வெள்ளை மாத்திரையைச் சேர்ந்திருக்கும் இரவுகளில் மட்டும் சாப்பிட்டால் போதும் என்று எண்ணியிருந்தவர்களும், முதல் மாதத்தில் வரும் குமட்டலைக் கர்ப்பம் என்று எண்ணிக் கலங்கியவர்களும் உண்டு. சரியாகச் சாப்பிட்டால் ஓராண்டில் ஆயிரம் பேரில் மூவருக்குத்தான் மாத்திரை பொய்க்கும். சாதாரணமாக ஜனங்கள் சாப்பிடும் விதத்தில் நூற்றுக்கு ஏழு பேருக்குப் பொய்க்கிறது. அந்த ஆயிரத்தில் மூன்றுக்கும் நூற்றில் ஏழுக்கும் இடையிலுள்ள தூரம், பெரும்பாலும், யாரும் சொல்லிக்கொடுக்காததன் தூரமே.

மாத்திரை யாருக்கு ஆகாது என்பதற்கும் உலக சுகாதார நிறுவனம் தெளிவான பட்டியல் வைத்திருக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டுப் புகை பிடிப்பவர்கள், கண்முன் ஒளி மின்னிப் பின் வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், இரத்தக் குழாயில் உறைவு ஏற்பட்டிருந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், பிரசவித்து ஆறு வாரம் ஆகாமல் பாலூட்டுகிறவர்கள் ஆகியோர் இந்த இரட்டை ஹார்மோன் மாத்திரையைத் தொடக் கூடாது. இவற்றுள் இரத்த அழுத்தம் ஒன்றுதான் கருவி வைத்துப் பார்க்க வேண்டியது; மற்றவை எல்லாம், கேட்டால் தெரியும்.

டிராம்பே, கோவண்டி, மான்குர்டு பகுதிகளில் இந்தப் பட்டியலுக்குள் ஒரு விஷயம் தனியாக எழுந்து நிற்கிறது, அது காசநோய். நெருக்கமும் இருட்டும் புகையும் சேர்ந்த இந்தச் சந்துகளில், காசநோய் மருந்து சாப்பிடாத வீடுகள் உண்டு, காசநோயை அறியாத சந்து இல்லை. அந்நோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்து, கல்லீரலைத் தூண்டி, கருத்தடை மாத்திரையின் ஹார்மோன்களை உடம்பிலிருந்து வெகு சீக்கிரத்தில் அழித்துவிடும். ஆறு மாதம் காசநோய் மாத்திரையையும், அதனுடன் கருத்தடை மாத்திரையையும் ஒழுங்கு தவறாமல் சாப்பிட்ட பெண், தன் மீது எவ்விதக் குற்றமும் இல்லாமலே கருத்தரித்துவிட நேரும். நோயால் மெலிந்த உடம்புடன், வேண்டாத காலத்தில். “டிபி கோலி ஏதும் சாப்பிடுறீங்களா அக்கா?” என்ற ஒரே ஒரு கேள்வி அதைத் தடுத்திருக்கும். சிறுநீர் சிவந்து போவதை வைத்தே ரிஃபாம்பிசினை அடையாளம் காணலாம். அந்த அளவுக்கு அது மறைவில்லாத மருந்து. காசநோய் மையத்தில் கருத்தடையைப் பற்றிக் கேட்பதில்லை. மருந்துக்கடையில் காசநோயைப் பற்றிக் கேட்பதில்லை.

மருத்துவர்கள் சொல்லும் ஆட்சேபங்களை நான் இலேசாக எண்ணவில்லை. மாத்திரையால் இரத்தம் உறையும் அபாயம் உண்மையானது. பதினாயிரம் பெண்களில், மாத்திரை சாப்பிடாதவர்களுள் ஆண்டொன்றுக்கு ஒருவர் முதல் ஐவர் வரைக்கும், சாப்பிடுகிறவர்களுள் மூவர் முதல் ஒன்பது பேர் வரைக்கும் அது நேர்கிறது. ஆனால் கர்ப்ப காலத்தில் அதே பதினாயிரத்தில் ஐவர் முதல் இருபது பேர் வரைக்கும், பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களில் நாற்பது முதல் அறுபத்தைந்து வரைக்கும் நேர்கிறது என்பதையும் அதனுடன் சேர்த்துத்தான் நிறுத்துப் பார்க்க வேண்டும். மாத்திரை மறுக்கப்பட்ட பெண் அபாயமற்ற நிலைக்குத் திரும்பிவிடுகிறாள் என்பது, மறுக்கிறவரின் எண்ணம் மட்டுமே. 2015-ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய ஒரு கோடியே ஐம்பத்தாறு லட்சம் கருக்கலைப்புகள் நடந்திருக்கலாம் என்றும், அவற்றுள் நூற்றுக்கு எழுபத்துமூன்று பங்கு எந்த மருத்துவ நிலையத்துக்கும் வெளியே, மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நடந்தவை என்றும் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கருக்கலைப்பு மாத்திரைகளும் ஏதோ ஒரு கல்லாவைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. கேள்வி கேட்கும் பழக்கம் கருத்தடை மாத்திரையில் தொடங்கியிருந்தால், அவற்றுள் எத்தனையோ தேவைப்பட்டே இராது.

அதிகாரிகள் பலமுறை கைக்கொண்ட வழி வேறு; பயமுறுத்தல். மகாராஷ்டிரத்தில் 2012-இல், பீட் ஜில்லாவில் பெண் சிசுக் கருக்கலைப்புக் கொடுமை வெளிப்பட்ட பின், மருந்துக்கடைகள் மேல் சோதனைகள் பெருகின. கருக்கலைப்பு மாத்திரையை வைத்திருப்பதே வம்பு என்று கடைக்காரர்கள் அதை அடியோடு நிறுத்திவிட்டார்கள். சட்டம் அனுமதிக்கும் காரணத்துக்காக டாக்டர் சீட்டோடு போன பெண்ணும் அலைந்தாள். தமிழ்நாட்டிலோ, 2005 முதல் தேசம் முழுவதும் சீட்டின்றி விற்கலாம் என்று அறிவிக்கப்பட்ட அவசரக் கருத்தடை மாத்திரை, எழுத்துமூலமான தடை ஏதும் இல்லாமலே, சென்னையின் பல கடைகளில் பல ஆண்டுகள் கிடைக்காமல் இருந்தது. “ஸ்டாக் இல்லை” என்ற இரண்டு சொல்லே அங்கே சட்டமாக விளங்கிற்று. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய மருந்து அது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த இரண்டு சொல்லின் கொடுமை விளங்கும்.

தமிழ்ப் பெண்களின் நிலையைப் பற்றித் தனியே சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. தேவனார் நிறுவனம் 2019 முதல் 2021 வரை எடுத்த ஐந்தாவது ஆய்வின்படி, இந்தியாவில் மணமாகிய பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 5.1 பேர். தமிழ்நாட்டில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 58; மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மேற்கு வங்காளத்திலோ ஐந்தில் ஒருவர் என்ற அளவில் மாத்திரை வழக்கில் இருக்கிறது. தென் மாநிலங்கள் ஜனத்தொகையைக் கட்டுப்படுத்திய பெருமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அந்தப் பெருமை கட்டப்பட்டிருப்பது, இருபத்தைந்து இருபத்தாறு வயதில் இரண்டாம் பிரசவக் கட்டிலிலேயே ‘ஆபரேஷன்’ செய்துகொண்ட பெண்களின் வயிற்றின் மேல். முதல் குழந்தையைத் தள்ளிப்போடவும், இரண்டாவதற்கு மூன்று ஆண்டு இடைவெளி விடவும், வேலைக்குப் போகவும், படிப்பை முடிக்கவும் விரும்புகிற பெண்ணுக்கு வேண்டியது, நிறுத்தினால் நின்றுவிடும் முறை. அதை அவளிடம் எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. சீத்தா கேம்ப்பிலும் தாராவியிலும் குடியேறிய நம் பெண்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது இந்தப் பழக்கத்தைத்தான்: முதலில் ஒன்றுமில்லை, பிறகு ஆபரேஷன்.

நம் முன்னோர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். கணிதப் பேராசிரியரான ரகுநாத் தோண்டோ கார்வே 1921-இல் இந்தப் பம்பாயில்தான் இந்தியாவின் முதல் கருத்தடை ஆலோசனை நிலையத்தைத் திறந்தார்; அதனால் கல்லூரி உத்தியோகத்தை இழந்தார்; ‘சமாஜ ஸ்வாஸ்தியம்’ என்ற மராத்திப் பத்திரிகையை 1927 முதல் தம் ஆயுள் முடியும் 1953 வரை நடத்தி, ஆபாசம் என்ற குற்றச்சாட்டில் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டபோது, அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். அதே அம்பேத்கரின் சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1938 நவம்பரில் பம்பாய் சட்டசபையில் கருத்தடைக்கு ஆதரவாகத் தீர்மானம் கொண்டுவந்து தோற்றது. தெற்கே பெரியார், மற்றவர்கள் தாயின் தேக சௌக்கியத்தையும் தேசத்தின் பொருளாதாரத்தையும் காரணம் காட்டிக் கர்ப்பத்தடையை ஆதரித்த காலத்தில், பெண் விடுதலை பெறுவதற்கு அது வேண்டும் என்பதே தம் காரணம் என்று பிரித்துச் சொன்னார். சுயமரியாதை இயக்கம் 1936-இல் ‘கர்ப்ப ஆட்சி’ என்ற நூலையே வெளியிட்டது. பின்னர் சர்க்கார் இந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1952-இல் உலகத்திலேயே முதன்முதலாகத் தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் கண்ட நாடு என்ற பெயரும் நமக்கு வந்தது. ஆனால் திட்டத்தின் கையில் கருத்தடை ஓர் இலக்காகவும் எண்ணிக்கையாகவும் மாறிற்று. கார்வேயின் சிறிய நிலையத்தில் பெண் கேள்வி கேட்டாள், பதில் பெற்றாள். பிற்காலத்து முகாம்களில் அவள் எண்ணப்பட்டாள்.

அந்தப் பழைய ஆலோசனை நிலையத்தை இன்று எங்கே வைப்பது என்று கேட்டால், சந்துக்குச் சந்து ஏற்கெனவே இருக்கும் மெடிக்கல்களைத் தவிர வேறு இடம் இல்லை என்பேன். ஆஸ்பத்திரி மூடிய பின்னும் அவை திறந்திருக்கின்றன. கேம்ப்பில் தமிழும் இந்தியும் உருதுவும் மராத்தியும் பேசத் தெரிந்த கடைக்காரர்கள் உண்டு. எந்த டாக்டரும் அத்தனை பாஷையில் பேசுவதில்லை. ஆனால் முதலில் மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும். சீட்டு மருந்து பதிவு பெற்ற மருந்தாளுநரின் நேர்பார்வையில்தான் கொடுக்கப்பட வேண்டும் என்று மருந்து விதிகளின் 65-ஆவது விதி சொல்கிறது. சுவரில் கண்ணாடிக்குள் தொங்கும் சான்றிதழுக்கு உரியவர் பல கடைகளில் மாதத்துக்கு ஒரு முறைகூடத் தென்படுவதில்லை என்பது ஊரறிந்த விஷயம். படித்த படிப்பை வாடகைக்கு விட்டு, தாம் வேறொரு வேலை பார்க்கும் அந்த இளைஞர்களைக் கடைக்குள் கொண்டுவர வேண்டுமானால், மாத்திரையை எடுத்துக்கொடுப்பதற்கு மேற்பட்ட ஒரு வேலையும், அதற்குரிய மதிப்பும் ஊதியமும் அங்கே இருந்தாக வேண்டும். 2015-இல் வந்த மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் கடமையாகவே எழுதி வைத்திருக்கின்றன. கருத்தடை மாத்திரை, அந்தக் கடமையைத் தொடங்குவதற்கு மிகவும் ஏற்ற இடம். ஏனெனில் கேட்க வேண்டிய கேள்விகள் பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கும், பதில் தெரிந்தால் முடிவும் தெரியும்.

இரட்டை ஹார்மோன் மாத்திரை ஆகாதவளுக்கும் கடையில் மாற்று உண்டு. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நித்யா ஆனந்தின் தலைமையில் கண்டுபிடிக்கப்பட்டு, 1991-இல் ‘சஹேலி’ என்ற பெயரில் வெளிவந்த சென்ட்குரோமன், நம் நாட்டிலேயே பிறந்த மருந்து. ஈஸ்ட்ரஜன் இல்லாதது, பாலூட்டும் தாயும் சாப்பிடத் தக்கது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ‘சாயா’ என்ற பெயரில் இலவசமாகவே கிடைக்கிறது. தினமும் மாத்திரை சாப்பிடுவதை மாமியாருக்குத் தெரியாமல் மறைக்க வேண்டிய வீட்டில், வாரத்துக்கு ஒன்று என்பது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பதைப் பெண்கள் அறிவார்கள். ஆனால் மாதவிடாய் தள்ளிப்போகும் என்று முன்கூட்டிச் சொல்லாவிட்டால், முதல் மாதத்திலேயே பயந்து விட்டுவிடுவார்கள். அதைச் சொல்லுவதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

கல்லாவின் ஓரத்தில் ஒரு திரை, அதற்குப் பின் ஒரு நாற்காலி, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி, தமிழிலும் உருதுவிலும் மராத்தியிலும் இந்தியிலும் அச்சடித்த கேள்வித்தாள், பெயர் எழுதாத பதிவேடு. ஆகாது என்று பதில் வந்தால் அருகிலுள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்துக்கு அனுப்பும் துண்டுச் சீட்டு. கடைக்கு ஆகும் புதுச் செலவு சில ஆயிரம் ரூபாய். 2011 முதல் கிராமங்களில் ஆஷா ஊழியர்கள் ஒரு ரூபாய்க்கு ஓர் அட்டை மாத்திரையை வீடுதேடிக் கொண்டுபோய்க் கொடுக்க ஏற்பாடு செய்த சர்க்காருக்கு, நகரத்துக் கடையில் ஆலோசனை பெறும் ஒவ்வொரு பெண்ணின் பொருட்டும் மருந்தாளுநருக்கு ஒரு சிறு தொகை கொடுப்பது கடினமன்று. கலியாணம் ஆனவளா என்ற கேள்வி அந்தத் தாளில் இருக்கக் கூடாது. அது உடம்பைப் பற்றிய கேள்வியன்று. கேட்டால், கேட்கப்பட்டவள் மறுமுறை வரமாட்டாள்.

இவற்றுக்கெல்லாம் பார்லிமெண்டில் புதிய சட்டம் தேவைப்படாது. மருந்துத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவைக் கலந்து, மத்திய அரசு ஓர் அறிவிக்கையின் மூலம் விதிகளைத் திருத்தலாம். அட்டவணை ‘கே’-யில் உள்ள விலக்கு அப்படியே இருக்கட்டும். வழக்கமாக வாங்கும் அட்டையைத் தொடர்ந்து வாங்குகிறவளை யாரும் தடுக்க வேண்டாம். அட்டவணை ‘எச்’-இல் உள்ள மற்றக் கருத்தடை மாத்திரைகளை, பயிற்சி பெற்ற பதிவு மருந்தாளுநர், குறித்த கேள்விகளைக் கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, தம் கையெழுத்தின் பேரில் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு சேரட்டும். முதல் மாத்திரை தொடங்குகிறவளுக்கு, எந்த மாத்திரையானாலும், அந்த ஆலோசனை இலவசமாகக் கிடைக்கட்டும். நாடு முழுவதும் செய்ய முடியாதென்றால் எம்-கிழக்கு வார்டில் தொடங்கட்டும். என்ன விளைந்தது என்று இரண்டாண்டுக்குப் பின் எண்ணிச் சொல்ல, தேவனார் நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது.